அம்மைப்பால் வந்த வழி

1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற 3 வயதுக் குழந்தையின் கையில் லேசாகக் கீறி, பாஸ்ராவிலிருந்து கப்பலில் வந்திருந்த அம்மைப்பாலை வைத்தார்கள். பிடித்துக்கொண்டது. ஒரு வாரத்தில் கீறிய இடத்தில் கொப்புளம் நன்றாகத் திரண்டது. அதைக் குத்தி எடுத்த நீரை இன்னும் 5 பிள்ளைகளுக்கு வைத்தார்கள். அவர்களிடமிருந்து பூனாவுக்கும் ஹைதராபாத்துக்கும் சென்னைக்கும் போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் இலங்கையையும் எட்டிவிட்டது. இந்தியாவில் முதன்முதலில் போட்ட அம்மைப்பால் இந்த ஒரு குழந்தையின் கையிலிருந்து கிளைத்தது.

அம்மைப்பால் என்று நம் பாட்டிமார் சொன்னது உயிரோடு இருக்கும் ஒரு வைரஸை. இன்றைக்கு அதன் பெயர் வாக்சினியா. பெரியம்மையை இந்த உலகத்தை விட்டே துரத்தியது இதுதான். இது எந்தப் பிராணியின் வைரஸ் என்று கேட்டால், பசுவுடையது என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். வைரஸ்களை வகைப்படுத்துகிறவர்கள் இதை ஒப்புவதில்லை. பசுவுடையது அல்ல என்று அவர்களால் அடித்துச் சொல்ல முடிகிறது. பிறகு யாருடையது என்பதில்தான் வழக்கு இன்னும் முடியவில்லை.

பம்பாய்க்கு அது வந்த கதையே ஒரு சாட்சி. இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர், பால்காரப் பெண் ஒருத்தியின் கைக் கொப்புளத்திலிருந்து நீர் எடுத்து ஒரு சிறுவனுக்குக் குத்தியது 1796 மே மாதம். 1798-இல் புத்தகமும் போட்டுவிட்டார். நூலில் தோய்த்துக் காயவைத்த பாலை ஆப்பிரிக்காவைச் சுற்றி இந்தியாவுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். மாதக்கணக்கில் கப்பலில் வெயிலைத் தின்று, இங்கே வந்து சேரும்போது அதில் உயிர் இருக்காது. வழி கண்டுபிடித்தவர் வியன்னாவில் இருந்த ழான் டி காரோ என்ற மருத்துவர். இரண்டு கண்ணாடித் துண்டுகள்; ஒன்றில் சின்னக் குழி. குழியில் பாலில் நனைத்த பஞ்சு. இரண்டையும் சேர்த்து மூடி, நூலால் கட்டி, மெழுகுவர்த்தி செய்கிறவர் பட்டறையில் மெழுகில் திரும்பத் திரும்ப முக்கி, உருண்டையாக்கி, பெட்டியில் காகிதக் கிழிசல் திணித்து அனுப்பினார். கான்ஸ்டாண்டிநோபிள் வழியாகத் தரை மார்க்கத்தில் பாக்தாதுக்கு. அங்கே பெட்டியைத் திறந்தபோது பஞ்சு இன்னும் ஈரமாகவே இருந்தது. பாக்தாதில் குத்தி, அந்தக் கையிலிருந்து பாஸ்ராவுக்கு, அங்கிருந்து பம்பாய்க்கு.

கவனிக்க வேண்டியது, டி காரோ அனுப்பிய பால் ஜென்னருடையது அல்ல. வட இத்தாலியில் லம்பார்டிப் பக்கத்து மாடுகளிலிருந்து லூயிஜி சக்கோ என்ற மருத்துவர் எடுத்துக் கொடுத்தது. ஆக, இந்தியாவின் அம்மைப்பாலுக்கும் ஜென்னரின் பால்காரப் பெண்ணுக்கும் நேர் வாரிசு உறவு கிடையாது. இதே சக்கோ அடுத்த ஆண்டுகளில் குதிரைக் காலில் வரும் புண்ணிலிருந்தும் நீர் எடுத்துக் குழந்தைகளுக்குக் குத்தினார். அதுவும் பிடித்தது. டி காரோ அதை வியன்னாவில் போட்டுப் பார்த்து, பசுவினுடையதற்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை என்றார்.

குதிரை என்றதும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. ஜென்னரே 1798 புத்தகத்தில் அதைத்தான் சொல்லியிருந்தார். குதிரையின் குளம்புப் புண்ணைத் துடைத்து மருந்து போட்ட பண்ணையாள், கையைக் கழுவாமல் பால் கறக்கப் போகிறான். அப்படித்தான் மடிக்கு வியாதி வருகிறது என்பது அவர் கட்சி. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். வேறு சிலர் சோதித்துப் பார்த்து, சரியாக வரவில்லை என்றார்கள். குதிரையை விட்டுவிட்டு ஊர் பசுவைப் பிடித்துக்கொண்டது. கேலிச்சித்திரக்காரர்களும் ஊசி போட்டுக்கொண்டவர்களின் உடம்பிலிருந்து மாடு முளைப்பதாகத்தான் வரைந்தார்கள், குதிரை முளைக்கவில்லை.

இனி பயணம் கைகளின் வழியே. குத்திய மூன்று நான்கு நாளில் தடிப்பு எழும்பும்; ஐந்தாறு நாளில் நீர் கோக்கும்; எட்டாம் நாள் உள்ளே தெளிந்த நீர் நிற்கும். அதுதான் பதம். பத்து நாள் தாண்டினால் சீழ் பிடித்துவிடும், குத்திப் பயனில்லை. எனவே வாரத்துக்கு ஒரு புதுக் கை வேண்டும். ஒரு வாரம் பிள்ளை கிடைக்காமல் போனால் சங்கிலி அறுந்துவிடும். ஸ்பெயின் அரசர் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அம்மைப்பால் அனுப்பியபோது, பிரான்சிஸ்கோ பால்மிஸ் என்ற மருத்துவர் 22 அநாதைச் சிறுவர்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு 1803 நவம்பர் 30 அன்று லா கொருன்யா துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். அட்லாண்டிக்கைக் கடக்கும் வரை இரண்டிரண்டு பிள்ளைகளாகக் குத்திக்கொண்டே போனார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அநாதை விடுதியிலிருந்து இசபெல் செந்தால் என்ற பெண்ணும் கூடப் போனாள். மெக்சிகோவிலிருந்து வேறு 26 பிள்ளைகளோடு பசிபிக்கைக் கடந்து மணிலா, பிறகு மக்காவ். வைரஸ் சுற்றிய அந்த உலகம் முழுக்கச் சிறுவர்களின் தோளில் இருந்தது. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

நம் ஊர்த் தாய்மார்களுக்கு அந்த எட்டாம் நாள்தான் பிடிக்கவில்லை. ஊசி குத்தியவர் மறுபடி வந்து, அழுகிற பிள்ளையின் புண்ணைக் கிளறி நீர் எடுத்து, பக்கத்துத் தெருப் பிள்ளைக்கு வைப்பார். அந்தத் தெரு எந்தத் தெரு என்ற கேள்வியும் கூடவே வந்தது. சாதி பார்த்த ஊரில், ஒருவர் கை நீர் இன்னொருவர் உடம்புக்குள் போவதை எளிதில் ஏற்கவில்லை. அம்மை என்பதே மாரியாத்தா வீட்டுக்கு வந்திருப்பது என்று வேப்பிலை கட்டி இருந்தவர்களிடம், ஆத்தா வராமல் இருக்க ஊசி போடு என்று சொன்னால் என்ன ஆகும்? மக்களை வழிக்குக் கொண்டுவர ஒரு தந்திரமும் நடந்தது. 1819-இல் மெட்ராஸ் கூரியர் பத்திரிகையில், பசுவின் மடிக் கொப்புள நீரை மனிதர் கையில் குத்தும் முறை தன்வந்திரியின் சமஸ்கிருத நூலிலேயே இருப்பதாக ஒரு கடிதம் வெளியானது. அப்படி ஒரு நூலை யாரும் எடுத்துக் காட்டவில்லை. ஊசிக்கு ஆதரவாக வெள்ளைக்காரர்கள் தரப்பில் புனைந்த கதை என்றே வரலாற்றாய்வாளர்கள் கருதுகிறார்கள். ஐரோப்பிய மருத்துவ நூல்கள் அதை நெடுங்காலம் நம்பி எழுதின. நம்மவர்கள் இன்னமும் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

கைக்குக் கை போனதில் வேறொரு ஆபத்தும் இருந்தது. 1861-இல் இத்தாலியின் ரிவால்டா ஊரில், சிபிலிஸ் இருந்த ஒரு குழந்தையின் கையிலிருந்து எடுத்த பாலால் பல குழந்தைகளுக்கு அந்த நோய் தொற்றியது. அதற்குப் பிறகுதான் மனிதக் கைகளை விட்டுவிட்டு, நேப்பிள்ஸில் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தபடி, கன்றுக்குட்டிகளை எல்லா நாடுகளும் நாடின. பசு இந்தக் கதைக்குள் உண்மையாக நுழைவது இங்கேதான். அதுவும் தொழிற்சாலையாக.

சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் 1899-இல் எழுந்ததே அம்மைப்பால் தயாரிக்கத்தான். மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஜி. கிங்கின் பெயர் அதற்கு. கன்றைப் படுக்கவைத்துக் கட்டி, வயிற்று மயிரை மழித்துக் கழுவி, தோலில் கோடுகோடாகக் கீறிப் பழைய பாலைத் தேய்ப்பார்கள். ஐந்தாறு நாளில் கோடுகள் முழுக்கக் கொப்புளமாகப் பொங்கும். அதைச் சுரண்டி எடுத்த கூழை அரைத்துக் கிளிசரினில் கலந்து வைத்தால், கூட வந்த பாக்டீரியாக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும், வைரஸ் நிற்கும். இந்தியாவில் பல இடங்களில் இதற்கு எருமைக் கன்றுகளையும் பயன்படுத்தினார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும். வெயில் காலத்தில் கிளிசரின் பால் சீக்கிரம் கெட்டுவிடும் என்ற தொல்லை தீர, லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் லெஸ்லி கோலியர் 1950-களில் உறையவைத்து உலர்த்தும் முறையைச் சீர்செய்யும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்வளவு தூரம் வந்த பொருளை நெடுங்காலம் யாரும் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. 1886-இல் எடின்பரோவில் ஜான் பூயிஸ்ட் என்பவர் அம்மைப்பாலைச் சாயமேற்றிச் சாதாரண நுண்ணோக்கியில் வைத்துச் சின்னச் சின்னப் புள்ளிகளைக் கண்டார். ஏதோ கிருமியின் வித்து என்று எழுதினார். வைரஸ் என்ற ஒன்றைக் கண்ணால் கண்ட முதல் மனிதர் அவராக இருக்கலாம். கண்டது என்னவென்று அவருக்கே தெரியாது. அம்மை வைரஸ்கள் அவ்வளவு பெரியவை. செங்கல் வடிவம், நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய மூவாயிரத்தில் ஒரு பங்கு.

1939-இல் ஆலன் டவுனி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் ஒரு காரியம் செய்தார். பண்ணை மாடுகளிலிருந்து நேரடியாகக் கிடைத்த பசு அம்மை வைரஸையும், ஆய்வகங்களில் தலைமுறை தலைமுறையாக வந்த அம்மைப்பால் வைரஸையும் முட்டைக்குள் வளரும் கோழிக்கருவின் சவ்வில் பக்கம்பக்கமாக வளர்த்தார். ஒன்று இரத்தம் கசிந்து சிவந்த புள்ளிகளை உண்டாக்கியது. மற்றது வெள்ளைப் புள்ளிகளை. இரண்டும் ஒன்றல்ல. பசு அம்மையைத்தான் போடுகிறோம் என்று 140 ஆண்டுகளாக நம்பிப் போட்டது பசு அம்மை அல்ல!

அப்படியானால் எது? ஆளாளுக்கு ஒரு கதை. பெரியம்மையே மாட்டுக்குள் போய்ச் சாதுவாகிவிட்டது என்றார்கள் சிலர். பசு அம்மையும் பெரியம்மையும் ஒரே கையில் சந்தித்துக் கலந்த பிள்ளை என்றார்கள் சிலர். ஆய்வகத்தில் வளர்ந்து வளர்ந்து மாறிப்போனது என்றும் ஒரு கட்சி. மரபணுவைப் படிக்க முடிகிற வரை இதில் யாரையும் மடக்க முடியவில்லை.

வைரஸ்களை எப்படி வகை பிரிக்கிறார்கள் என்று இங்கே கொஞ்சம் சொல்லிவிடலாம். நம் வழக்கில் உடம்பில் கொப்புளமோ தடிப்போ போட்டால் எல்லாம் அம்மை. பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை மூன்றும் ஒரே ஆத்தாவின் விளையாட்டு. வைரஸ்காரர்கள் கொப்புளத்தைப் பார்ப்பதில்லை. 1971-இல் டேவிட் பால்டிமோர் வகுத்த முறைப்படி முதல் கேள்வி: உள்ளே இருக்கும் மரபுப்பொருள் டிஎன்ஏவா ஆர்என்ஏவா, ஒற்றை இழையா இரட்டை இழையா? தட்டம்மை ஆர்என்ஏ, அதோடு வெளியே போய்விட்டது. பெரியம்மையும் சின்னம்மையும் இரட்டை இழை டிஎன்ஏ. ஆனால் சின்னம்மை ஹெர்பீஸ் குடும்பம்; செல்லின் உட்கருவுக்குள் புகுந்து அங்கிருக்கும் கருவிகளைக் கொண்டு பெருகும். டிஎன்ஏ வைரஸ்களில் பெரும்பாலானவை இப்படித்தான். அம்மை வைரஸ் குடும்பம் உட்கருப் பக்கம் போகாது. தனக்கு வேண்டிய நொதிகளைத் தானே சுமந்துவந்து, வெளியே சைட்டோபிளாசத்தில் பட்டறை போடும். அதன் தூரத்துச் சொந்தங்கள் பன்றிகளை அடிக்கும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸ், மீன் தவளைகளைப் பிடிக்கும் இரிடோவைரஸ்கள், அமீபாவுக்குள் வாழும் மிமி என்ற ராட்சத வைரஸ். குடும்பத்துக்குள் இரண்டு கிளைகள்: முதுகெலும்புள்ளவற்றைத் தொற்றுவது ஒன்று, பூச்சிகளைத் தொற்றுவது மற்றொன்று. முதுகெலும்புக் கிளையில் ஆர்த்தோபாக்ஸ் என்ற பேரினத்தில்தான் பெரியம்மை, பசு அம்மை, குரங்கம்மை, ஒட்டக அம்மை, நம் வாக்சினியா எல்லாம் அடக்கம். ஒன்றுக்கு எதிராக வந்த எதிர்ப்பு மற்றதையும் தடுக்கும் அளவுக்கு நெருக்கம். அம்மைப்பால் வேலை செய்ததற்குக் காரணமே அதுதான்.

இதில் பிராணிகளின் பேரை நம்பக் கூடாது. பசு அம்மையின் உண்மையான இருப்பிடம் ஐரோப்பாவின் வயல் எலிகள். எலியிடமிருந்து பூனைக்கு, பூனையிடமிருந்து வளர்த்தவருக்கு என்று வருவதே இன்றைக்கு அதிகம். மிருகக்காட்சிசாலை யானைக்குக்கூட வந்திருக்கிறது. பசுவிடம் காண்பது அபூர்வம். குரங்கம்மை என்று பேர் விழுந்தது 1958-இல் கோபன்ஹேகன் ஆய்வகத்தில் அடைபட்டிருந்த குரங்குகளில் கண்டதால். அந்தக் குரங்குகளும் ஆசியாவிலிருந்து போனவை. வைரஸோ ஆப்பிரிக்க அணில்கள், கொறிப்பன பக்கம் புழங்குவது. முதலில் யாரிடம் கண்டார்களோ அவர் தலையில் பேரைக் கட்டியிருக்கிறார்கள். வாக்சினியா விஷயத்தில் பசு ஒரு சத்திரம். தங்கிப்போன இடத்தைப் பிறந்த ஊர் என்று எழுதிவைத்துவிட்டோம்.

பிறந்த ஊரைத் தேடியவர்களுக்குத் துப்பு மங்கோலியாவிலிருந்து வந்தது. 1976-இல் அங்கே குதிரைகளுக்கு வந்த அம்மையிலிருந்து எடுத்து வைத்திருந்த வைரஸின் மரபணுத் தொகுதியை 2006-இல் படித்து வெளியிட்டார்கள். அது பசு அம்மையை அல்ல, வாக்சினியாவை ஒட்டி நின்றது. அடுத்து, அமெரிக்காவில் மல்போர்டு கம்பெனி 1902-இல் தயாரித்த அம்மைப்பால் மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்றில் அப்படியே மிஞ்சியிருந்தது. அதன் டிஎன்ஏவைப் பிரித்துப் படித்த ஜெர்மன், பிரேசில் ஆய்வாளர்கள் 2017-இல் முடிவைச் சொன்னார்கள்: மரபணுத் தொகுதியின் நடுப்பகுதியில் குதிரையம்மையோடு 99.7 சதவீதம் ஒற்றுமை. ஜென்னரின் பண்ணையாள் கையைக் கழுவியிருக்கவில்லை போலும். குதிரையே மூலமா, குதிரையும் இன்னொரு வழிப்போக்கன்தானா, மூலம் ஏதேனும் எலிதானா என்பது வேறு கேள்வி. என் சாய்வு எலிப் பக்கம். இந்தப் பேரினத்தில் பெரும்பாலான தடங்கள் கடைசியில் ஏதாவதொரு வளைக்குள்தான் போய் முடிகின்றன.

மரபணுக்களை வரிசையாக வைத்துப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. பசு அம்மை வைரஸிடம் 2,20,000-க்கும் மேற்பட்ட டிஎன்ஏ எழுத்துகள். எலி, பூனை, மாடு, யானை, மனிதர் என்று எதிலும் புகுந்துவிடும். குதிரையம்மை ஏறக்குறைய 2,12,000. வாக்சினியாவின் கோபன்ஹேகன் ரகம் 1,92,000 அளவில். பெரியம்மை 1,86,000, அதற்கு மனிதரை விட்டால் கதி இல்லை. வெவ்வேறு பிராணிகளின் தற்காப்பை முறியடிக்கும் மரபணுக்கள் இந்தத் தொகுதியின் இரு முனைகளில் குவிந்திருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக இழந்த வைரஸ், புகக்கூடிய வீடுகளையும் இழக்கிறது. பெரியம்மையை ஒழிக்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்: அதற்கு ஒளிந்துகொள்ள வேறு பிராணி இருக்கவில்லை.

இதையே வேண்டுமென்று செய்தவர் மியூனிக்கில் ஆன்டன் மயர். துருக்கியின் அங்காராவில் பயன்பட்ட வாக்சினியா ரகத்தைக் கோழிக்கருச் செல்களில் 500 முறைக்கு மேல் மாற்றி மாற்றி வளர்த்தார். கோழியைத் தவிர வேறெதையும் பார்க்காத அந்த வைரஸ், தன் டிஎன்ஏவில் ஏறக்குறைய 15 சதவீதத்தைத் தொலைத்துவிட்டது. மனித செல்லுக்குள் நுழையும், ஆனால் பெருகாது. 2022-இல் குரங்கம்மை பல நாடுகளில் பரவியபோது அதற்கு எதிராகப் போட்டது இந்தக் கோழி வழி வந்த ரகத்தைத்தான். வேறொரு கிளை காட்டுக்கே போனது: வெறிநாய்க்கடி வைரஸின் ஒரு புரத மரபணுவை வாக்சினியாவில் சொருகி, இரைக்குள் வைத்து, 1980-களின் கடைசியிலிருந்து பெல்ஜியத்திலும் பிரான்சிலும் நரிகளுக்காக வீசினார்கள். நரிகள் தின்றன, வெறிநோய் அங்கே அடங்கியது.

1980 மே மாதம் பெரியம்மை ஒழிந்ததாக உலகம் அறிவித்தது. ஊசி நின்றது. வேலை முடிந்த வைரஸ் ஆய்வகப் பெட்டிகளில் உறங்கப் போயிருக்க வேண்டும். போகவில்லை. 1999-இல் ரியோ டி ஜெனிரோ மாநிலத்தின் காண்டகாலோ பகுதியில் பால்மாடுகளின் மடியிலும் கறப்பவர்கள் கையிலும் புண்கள். கிளாரிசா டமாசோவும் உடன் இருந்தவர்களும் ஆராய்ந்ததில், பிரேசிலில் ஒருகாலத்தில் போட்ட தடுப்பூசி ரகத்துக்கு அது மிக நெருக்கம். எப்போதோ ஊசி போட்டவர் கையிலிருந்து மாட்டுக்குப் போய், கண்ணில் படாமல் அங்கே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்திருக்கலாம். 1902 குழாயைப் படித்த குழுவிலும் இதே டமாசோ இருந்தார்.

நம் பக்கத்தில் அதன் பேர் எருமையம்மை. முதலில் பதிவானது 1934-இல் லாகூரில். எருமை மடியிலும் காம்பிலும் கொப்புளம், பால் குறைவு, கறப்பவர் விரல்களில் வலியோடு புண். மகாராஷ்டிராவில் பலமுறை பரவியிருக்கிறது. மரபணுவைப் பார்த்தால் அது தனி இனமே அல்ல. வாக்சினியாவின் ஒரு கிளை. இனப்பட்டியலில் அதற்குத் தனி இடம் கிடையாது. எருமைக் கன்றின் வயிற்றில் கீறிப் பால் எடுத்த காலத்தில் தப்பிப்போனதா, அதற்கு முன்பே எருமையிடம் இருந்ததா என்பதில் இரண்டு கட்சி உண்டு.

கையில் அம்மை குத்திய தழும்பு இருப்பவர்கள் இந்தியாவில் இன்றைக்கு நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள். இளையவர்கள் தோளில் இருப்பது காசநோய்க்குப் போட்ட பிசிஜி தழும்பு. அது பாக்டீரியா, இந்தக் கதையில் சேராது. எருமையம்மையைத் தடுக்கும் எதிர்ப்பு இளையவர்கள் உடம்பில் கிடையாது, அந்தப் புண்ணைப் பார்த்துப் பழகிய மருத்துவர்களும் குறைந்துவிட்டார்கள். விரலில் நடுக்குழியோடு கொப்புளம், அக்குளில் நெறி, காய்ச்சல் என்று ஒருவர் வந்தால் கேட்க வேண்டியது இரண்டு: வீட்டில் எருமை கறக்கிறீர்களா, அதன் மடி எப்படி இருக்கிறது?